அதிர்ஷ்டமா, ஆற்றலா? பின்பால் எந்திரம் சொல்லும் நியாயம்

விளையாட்டு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் அவ்வளவாக மரியாதை கிடையாது. 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பில்லாதவன். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்று அர்த்தம். ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணையே மூலதனமாக நம்பி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களில் இந்தப் பார்வை சற்று இறுக்கமாகவே இருக்கும். அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் இன்று சங்கத்தில் நாலு பெற்றோர் கூடி நின்றால் பேச்சு கைப்பேசி விளையாட்டில்தான் போய் முடிகிறது. எதை ஆடவிடலாம், எதைத் தடுக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த அளவுகோலை வைத்து அதைத் தீர்மானிப்பது என்று மட்டும் கேட்பதில்லை.

அந்த அளவுகோலை எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எடுக்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில், குறிப்பாகச் சிகாகோ நகரில், பிறந்து வளர்ந்த பின்பால் எந்திரம்தான் அது. நம்மில் பலர் அதை நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அதன் முன்னோரை அறிவோம். பலகையில் ஆணி அடித்து, சுருள்வில் வைத்த குச்சியால் குண்டைத் தட்டி விடும் 'பேகட்டெல்' பலகை ஒரு காலத்தில் நம் வீடுகளிலும் இருந்தது. அதன் நிழலையும் அறிவோம். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை அலுவலகக் கணிப்பொறிகளில் வந்துகொண்டிருந்த 'ஸ்பேஸ் கேடட்' பின்பாலை, மேலதிகாரி அந்தப் பக்கம் போனதும் ஆடியவர்களில் நானும் ஒருவன்.

ஆணிகளின் காலம்

பேகட்டெல் 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் இருந்த மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் 1871-இல் அதில் சில மேம்பாடுகளைச் செய்து காப்புரிமை பெற்றார். குண்டைத் தள்ளும் சுருள்வில் குச்சி அவற்றில் ஒன்று. இன்றைய எந்திரத்திலும் அந்தக் குச்சி அப்படியே இருக்கிறது.

1931-இல் டேவிட் காட்லீப் என்ற சிகாகோக்காரர் 'பேஃபிள் பால்' என்று ஒரு மேசை ஆட்டத்தைச் செய்து 17.50 டாலருக்கு விற்றார். அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையில்லாதவனும் ஒரு செப்புக் காசைப் போட்டுச் சற்று நேரம் கவலை மறந்தான். மறு ஆண்டே ரேமண்ட் மலோனி 'பாலிஹூ'வைக் கொண்டுவந்தார். பாலி என்ற நிறுவனப் பெயரே அதிலிருந்துதான் வந்தது. 1933-இல் ஹாரி வில்லியம்ஸ் மின்கலம் வைத்துக் குண்டைத் துள்ள வைத்தார். 1936-இல் பம்பர் வந்தது. குண்டு போய் முட்டினால் மின்சாரத் தொடர்பு ஏற்பட்டு எண் கூடும்.

இவ்வளவு புதுமை வந்தும் ஆடுபவர் செய்யக்கூடியது என்ன? குச்சியை இழுத்து விடுவது. விட்ட பிறகு மேசையைத் தட்டுவது, ஆட்டுவது. மற்றபடி குண்டு எந்த ஆணியில் பட்டு எந்தக் குழியில் விழும் என்பது பரமபதத்தில் தாயக்கட்டை விழுவது போலத்தான். மேசையைத் தூக்கியே ஆடத் தொடங்கியவர்களைக் கட்டுப்படுத்த வில்லியம்ஸ் ஒரு வழி கண்டார். அதுதான் 'டில்ட்'. ஒரு உலோக வளையத்துக்குள் ஊசல் தொங்கும். மேசையை லேசாக அசைத்தால் ஒன்றுமில்லை. பலமாகக் குலுக்கினால் ஊசல் வளையத்தைத் தொட்டு ஆட்டம் செத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை மின்சாரத்தில் எழுதி வைத்தது போன்ற ஏற்பாடு!

தடையும் அதன் பிறகு முளைத்த கையும்

அந்த நாளைய எந்திரங்களில் பல, வென்றவருக்குக் காசையே கொட்டின. கடைக்காரர் மறைவாகப் பரிசு கொடுப்பதும் உண்டு. இந்தத் தொழிலில் குற்றக் கும்பல்களின் கை இருக்கிறது என்ற பேச்சும் பரவியது. நியூயார்க் மேயர் லாகார்டியா, பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை இவை பிடுங்கிக்கொள்கின்றன என்று குற்றம் சாட்டி, 1942 ஜனவரியில் தடையைக் கொண்டுவந்தார். தானே சம்மட்டி எடுத்து எந்திரங்களை உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸிலும் தடை இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எந்திரங்களைச் செய்து உலகுக்கு அனுப்பிய சிகாகோவிலேயே அவற்றை ஆடத் தடை இருந்தது.

லாகார்டியாவை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. அவர் பார்த்த எந்திரம் சூதாட்ட எந்திரம்தான். பிள்ளைகளின் காசு போகிறது என்ற அவர் கவலை இன்று நமக்கிருக்கும் கவலையேதான்.

ஆனால் ஐந்தாண்டு கழித்து எந்திரமே மாறிவிட்டது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஹாரி மேப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆட்டத்தில், பொத்தானை அழுத்தினால் குண்டை அடித்து மேலே அனுப்பும் சின்னஞ்சிறு மட்டைகளைப் பொருத்தினார். அவைதாம் ஃபிளிப்பர்கள். பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஃபிளிப்பர்கள், வெளிப்புறம் பார்த்தபடி. அவற்றுக்கு வலு குறைவு. மறு ஆண்டு ஜென்கோ நிறுவனத்தில் ஸ்டீவ் கோர்டெக் 'ட்ரிபிள் ஆக்‌ஷன்' ஆட்டத்தில் நேர்மின்சாரம் கொடுத்து வலுவேற்றி, மேசையின் அடியில் இரண்டே இரண்டு வைத்தால் போதும் என்று காட்டினார். 1950 வாக்கில் அவை இன்றுபோல உட்புறம் நோக்கித் திரும்பின. கோர்டெக் நூறு வயது வரை வாழ்ந்து 2012-இல் மறைந்தார். தான் அமைத்த அந்த ஏற்பாடு அறுபது ஆண்டுக்கு மேல் மாறாமல் நிற்பதை அவர் கண்ணால் கண்டார்.

ஃபிளிப்பரின் உள்ளே இருக்கும் வேலைப்பாடு அழகானது. அதன் மின்காந்தத்தில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் தடித்த சுற்று வலுவாக இழுத்து அடிக்கும். மட்டை முழுதும் உயர்ந்ததும் ஒரு சுவிட்சு அந்தச் சுற்றை விலக்கிவிடும். மெல்லிய சுற்று மட்டும் மட்டையைத் தாங்கிப் பிடித்திருக்கும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் சுருள் சூடேறிக் கருகிப் போகும். இதனால் ஆடுபவருக்கு ஒரு வரம் கிடைத்தது. உயர்த்திய மட்டையின் மடியில் குண்டைத் தூங்க வைத்துவிட்டு, அடுத்து எங்கே அடிக்கலாம் என்று நிதானமாக யோசிக்கலாம். எண்பது கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, ஆறரை டிகிரி சரிவில், விழக் காத்திருக்கிறது. அதை நிறுத்தி வைத்திருப்பது உங்கள் விரல். பரமபதமாக இருந்தது ஆடுபுலி ஆட்டமாக மாறியது இப்படித்தான்.

பத்தாண்டுக்கு ஒரு புதுமை

இதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்தக் கைக்கு வேலை கொடுக்க வந்தவை. 1954-இல் காட்லீப்பின் 'சூப்பர் ஜம்போ'வில் நான்கு பேர் மாறி மாறி ஆடலாம் என்று வந்தது. கண்ணாடியில் விளக்கெரிந்து எண் காட்டிய இடத்தில் உருளும் எண் சக்கரங்கள் வந்தன. 1960-இல் வெற்றிக்கு இலவச ஆட்டம் கொடுப்பதே சூதாட்டம் என்று சொன்ன மாநிலங்களுக்காக, இலவச ஆட்டத்துக்குப் பதில் கூடுதல் குண்டு கொடுக்கும் எந்திரத்தைக் காட்லீப் செய்தது. சட்டத்துக்குத் தக்கபடி வடிவமைப்பு வளைந்ததற்கு இது நல்ல உதாரணம். 1962-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'வேகபாண்ட்' ஆட்டத்தில், அடித்தால் தரைக்குள் இறங்கிவிடும் இலக்குகள் வந்தன. அடித்தது அடித்ததுதான் என்று கண் முன்னே தெரியும் அந்தத் திருப்திக்கு ஈடு இல்லை. 1968-இல் ஃபிளிப்பர் மூன்று அங்குலமாக நீண்டது. தூரமாகவும் குறியாகவும் அடிக்க முடிந்தது.

எழுபதுகளின் பின்பகுதியில் ரிலேக்களும் கம்பிக் கற்றைகளும் போய் மின்னணுச் சில்லுகள் வந்தன. 1979-இல் 'கார்கார்' என்ற எந்திரம் வாய் திறந்து பேசியது. அதன் சொல்வளம் ஏழே ஏழு சொற்கள். 1980-இல் ஸ்டீவ் ரிட்சி வடிவமைத்த 'பிளாக் நைட்' இரண்டடுக்கு மேசையோடு வந்தது. பக்கவாட்டில் விழப் போகும் குண்டைக் காந்தத்தால் பிடித்துக் காப்பாற்ற ஒரு பொத்தானும் அதில் இருந்தது. அதற்குள் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 'பேக்மேன்' போன்ற திரை விளையாட்டுகள் வந்து பின்பாலின் வயிற்றில் அடித்தன. 1986-இல் ரிட்சியின் 'ஹை ஸ்பீட்' மீண்டும் உயிர் கொடுத்தது. 1991-இல் புள்ளிகளால் படம் காட்டும் திரை வந்தது. 1992-இல் பேட் லாலரின் 'ஆடம்ஸ் ஃபேமிலி', மேசைக்கடியில் இருந்த காந்தங்களால் குண்டைத் திசை திருப்பிக் கலங்க வைத்தது. இருபதாயிரத்துக்கு மேல் விற்றது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அறுபதுகளில் ஆயிரக்கணக்கில் எண் எடுத்தால் பெருமை. தொண்ணூறுகளில் நூறு கோடி எடுத்தாலும் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நம் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் வீங்கிய கதையை நினைத்துக்கொண்டேன். எண் கூடியதால் ஆற்றல் கூடிவிடவில்லை.

1999-இல் வில்லியம்ஸ் பின்பால் தொழிலையே மூடியது. சில ஆண்டுகள் ஸ்டெர்ன் என்ற ஒரே பெரிய நிறுவனம் மட்டும் விளக்கை அணையாமல் காத்தது. பிறகு புது நிறுவனங்கள் வந்தன. எந்திரங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. லாஸ் வேகாஸிலும் கலிபோர்னியாவின் அலமீடாவிலும் பழைய எந்திரங்களைப் பழுது பார்த்து, பார்வையாளர்களே ஆடும்படி வைத்திருக்கிறார்கள்.

நகர மன்றத்தில் ஓர் ஆட்டம்

நியூயார்க் தடையின் கதைக்கு வருவோம். 1942-இல் சட்டம் தண்டித்தது கை இல்லாத எந்திரத்தை. 1947-இல் கை முளைத்தது. ஆனாலும் அந்தச் சட்டம் கை உள்ள எந்திரத்தையும் இருபத்தொன்பது ஆண்டுகள் சிறையில் வைத்திருந்தது. பெயர் மாறவில்லை, ஆகவே தீர்ப்பும் மாறவில்லை!

1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர மன்றத்தின் முன் எந்திரத்தை வைத்து ஆடிக் காட்டினார். இரண்டு எந்திரங்கள் கொண்டுவந்திருந்தார்கள். முதலாவதில் ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று சந்தேகப்பட்டு இரண்டாவதில் ஆடச் சொன்னார்கள். ஃபிளிப்பரால் எங்கே அடிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அடித்தார். கடைசியில் குச்சியை இழுத்து, குண்டு நடுப்பாதை வழியாக இறங்கும் என்றார், இறங்கியது. தடை நீங்கியது. அந்தக் கடைசி அடி அதிர்ஷ்டமும் கலந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆற்றலை நிரூபித்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு!

இந்த வழக்கு நமக்கும் அந்நியமானதல்ல. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று நம் உச்சநீதிமன்றம் 1968-லேயே சொன்னது. தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் அதே உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2023-இல் இணைய ரம்மிக்கு எதிரான தமிழகச் சட்டத்தை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் ஒன்றுதான் என்று கோடு போட்டது.

நான் இந்தப் புதிய கோட்டின் பக்கம் நிற்பவன். திறமையா, அதிர்ஷ்டமா என்பது நல்ல கேள்வி. ஆனால் அது முதல் கேள்வி மட்டுமே. அதோடு நிறுத்திக்கொண்டால், 'இது திறமை ஆட்டம்' என்ற ஒரு வரியையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் சம்பளத்தை விழுங்கிவிட முடியும். இணைய ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரையும் விட்டவர்களைப் பற்றிய செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நாம் படிக்காமல் இல்லை.

மூன்று கேள்விகள்

பின்பால் எந்திரத்தின் முன் நின்று பார்த்தால் மூன்று கேள்விகள் தோன்றும். எந்த விளையாட்டுக்கும் அவற்றைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, ஆடுபவரின் கை எங்கே இருக்கிறது? பிள்ளையின் கவனமும் பழக்கமும் முடிவை மாற்றுகின்றனவா? ஆட ஆடக் கை தேர்கிறதா? நின்று யோசிக்க இடம் உண்டா? உயர்த்திய ஃபிளிப்பரில் குண்டைத் தாங்கி நிற்கும் அந்த இரண்டு விநாடி, பல கைப்பேசி விளையாட்டுகளில் கிடையாது. யோசிக்க விட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் அவற்றுக்கு.

இரண்டாவது, முடிவு உண்டா? பின்பாலில் மூன்று குண்டு, பழைய எந்திரத்தில் ஐந்து. எவ்வளவு சூரனானாலும் புவியீர்ப்பு விடாது. கடைசிக் குண்டு ஒரு நேரம் கீழே போகத்தான் வேண்டும். ஆட்டம் முடிந்தது என்று எந்திரமே சொல்லிவிடும். கேரமிலும் கடைசிக் காய் விழுந்தால் பலகையைத் துடைத்துச் சாத்தி வைக்கிறோம். முடிவே இல்லாத ஆட்டத்தில் 'போதும்' என்று சொல்ல வேண்டிய பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். பெரியவர்களாலேயே முடியாத காரியம் அது.

மூன்றாவது, தோற்றால் எவ்வளவு போகும், யாருக்குப் போகும்? பின்பாலில் போட்ட காசுதான் போகும். போடும்போதே அது தெரியும். தோற்றவனைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் கட்டு, இழந்ததைப் பிடித்துவிடலாம்' என்று அது ஆசை காட்டியதில்லை.

பின்பாலை நான் மாசு மறுவற்றதாகக் காட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். அதுவும் காசு தின்னும் எந்திரம்தான். 'ஹை ஸ்பீட்' கொண்டுவந்த ஒரு புதுமையை மேலே சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தேன். இலவச ஆட்டம் பெறத் தேவையான எண்ணை அந்த எந்திரம் தானே மாற்றிக்கொள்ளும். ஆடுபவர்கள் தேறிவிட்டால் இலக்கு உயரும், திணறினால் இறங்கும். நூற்றுக்கு இத்தனை ஆட்டம்தான் இலவசம் என்று கடைக்காரர் வைத்த கணக்கு பிசகாது. அதுவரை மனிதன் எந்திரத்தைக் கற்றான். அந்த நாள் முதல் எந்திரமும் மனிதனைக் கற்கத் தொடங்கியது. இன்று நம் பிள்ளையின் கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, அவன் எப்போது சலிப்பான், எப்போது பரிசு காட்டினால் திரும்பி வருவான் என்று கணக்குப் போடும் நிரல்களுக்கு அது ஒரு தூரத்துப் பாட்டனார்.

ஆனால் ஒரு வித்தியாசம். பின்பாலில் குண்டு, சரிவு, ரப்பர், இலக்கு எல்லாம் கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணாடியைத் தூக்கினால் பழுது பார்க்கலாம். தோற்றதற்குக் காரணம் கண் முன்னே இருக்கிறது. கைப்பேசியில் தோற்ற பிள்ளைக்குத் தான் தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா என்பதே தெரியாது.

நாம் செய்யக்கூடியது

வெறும் தடையால் பயனில்லை என்பதற்கு நியூயார்க்கின் முப்பத்து நான்கு ஆண்டுகளே சாட்சி. தடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். மே, ஜூன் வெயிலில் இங்கே பிள்ளைகளை வெளியே விட முடியாது. ஊரிலிருந்தால் பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று ஓடியிருப்பார்கள். இங்கே கதவைச் சாத்தினால் மிஞ்சுவது கைப்பேசி.

ஆகவே என் யோசனை இது. வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பின்பால் பலகை செய்வதற்கென்று ஒதுக்கலாம். இரண்டடி நீள ஒட்டுப்பலகை, ஆணி, ரப்பர் பேண்டு, ஒரு கோலிக்குண்டு, திருகாணியில் திரும்பும் இரண்டு மரத்துண்டுகள் போதும். பின்பக்கத்தை இரண்டே முக்கால் அங்குலம் உயர்த்தினால் உண்மையான எந்திரத்தின் ஆறரை டிகிரிச் சரிவு வந்துவிடும். ஆணி எங்கே அடிப்பது என்பதை, புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த நம் வீட்டுப் பெண்மணிகள் நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஓர் ஆணியைத் தள்ளி அடித்தால் ஆட்டமே மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். விளையாட்டு என்பது யாரோ சிலர் உட்கார்ந்து வடிவமைப்பது, அதற்குள் அவர்களுடைய நோக்கம் இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்குத் தானாகப் புரியும். தன் கையால் ஓர் ஆட்டத்தைச் செய்த பிள்ளையை இன்னொருவன் செய்த ஆட்டத்தால் அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது.

கூடவே பல்லாங்குழியும் ஆடுபுலியும் கேரமும் ஒரு மூலையில் இருக்கட்டும். அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுவோம். அவர்கள் மொழி நம் பிள்ளைகளுக்குத் தட்டுத் தடுமாறி வரும், நம் மொழி அவர்களுக்கு வராது. உருளும் குண்டுக்கு முன் எல்லோரும் ஒரே மொழியில்தான் கூச்சல் போடுவார்கள். சங்க நிர்வாகிகள் இதை அடுத்த செயற்குழுவில் எடுத்துப் பேச வேண்டும். ஒட்டுப்பலகைச் செலவில் என் பங்கைத் தர நான் தயார்.